நாலு பத்துக்குப் போகும் சைக்கிள்

தண்ணீரூற்றில் ஒரு சைக்கிள் முப்பத்திரண்டு வருசமாக ஆளில்லாமல் ஓடியது. பின்னேரம் நாலு பத்துக்குப் பரமலிங்கத்தின் கொட்டிலை விட்டு இறங்கும். ஒழுங்கை முடிய இடப்பக்கம் திரும்பி, பெரிய றோட்டில் ஏறி, முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போகும். அங்கே முக்கால் மணித்தியாலம் போல மணலுக்கு இப்பால் நிற்கும். பிறகு வந்த வழியே திரும்பி, அஞ்சே முக்காலுக்குக் கொட்டிலுக்குள் நுழைந்து சுவரில் சாய்ந்துவிடும். ஞாயிறு, போயா, பெருநாள், பொங்கல் என்று அதற்கு லீவு கிடையாது. பரமலிங்கத்தின் மனைவி ஜெகதீஸ்வரி அது படலையைத் தாண்டுகிறபோது, "ஜவாஹிர் போறான், ஆட்டை அவிட்டுக்கொண்டு வாங்கோ" என்று புருசனுக்குச் சத்தம் வைப்பா, அது திரும்பி வரும்போது ஆட்டைக் கட்டுவா. வெளியூர்க்காரர் இதைக் கேட்டால் வாயைப் பிளப்பார்கள். பிளக்கட்டும். முதல் ஒரு கிழமை நாங்களும் பிளந்தோம்தான். அதற்குப் பிறகு எங்களுக்கு வயல் வேலை கிடந்தது.

அது சும்மா சந்தையில் வாங்கின சைக்கிள் இல்லை, பாருங்கோ. பச்சை நிறம், உருக்குச் சட்டம், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹாண்டில், பத்துக் கியர், இரண்டு விரல் தடிப்பில்கூட இல்லாத ரயர். கரியர் கிடையாது. எண்பதுகளில் குளத்து வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் ஓடித் திரிந்த சாமான். அவர் தன் நாட்டுக்குத் திரும்பினபோது, இங்கே புடவைக்கடை வைத்திருந்த ஜவாஹிரின் வாப்பா தன் மகனுக்காக அதைக் கேட்டு வாங்கினார். இந்தக் கண்டறியாத சைக்கிளில் ஒரு மூட்டை நெல்லு ஏத்தேலுமோ என்று ஊர் சிரித்தது. ஜவாஹிருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மெலிந்த பெடியன். கடையில் இருக்கச் சொன்னால் நெருப்பில் இருக்கிறவன் மாதிரி இருப்பான், நாலு மணி அடித்தவுடன் சைக்கிளில் பாய்ந்து கடற்கரைக்கு ஓடிவிடுவான். எண்பத்தேழாம் ஆண்டு சித்திரை வருசப்பிறப்புச் சைக்கிள் ஓட்டத்தில் முதலாவதாக வந்தான், இரண்டாவதாக வந்தவன் வந்துசேரும்போது சோடா குடித்து முடித்திருந்தான். அடுத்த வருசம் ஸுஹறாவைக் கலியாணம் முடித்தான். கரியர் இல்லாத சைக்கிளில் பெண்சாதியை எங்கே வைக்கிறது? பாரில்தான். ஒரு துவாயை மடித்துப் பாரில் போட்டு, புதுப் பொம்பிளையை ஒருக்களித்து இருத்தி, ஊர் பார்க்கப் பார்க்கக் கடலுக்குக் கொண்டுபோனான். பள்ளிவாசலடியில் நின்ற பெரியவர்கள் இருமினார்கள். உம்மா நாலு நாள் மகனோடு கதைக்கவில்லை. பிறகு அதுவும் எல்லாருக்கும் பழகிவிட்டது.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கில் இருந்த முஸ்லிம் சனம் முழுவதையும் இயக்கத்துப் பெடியள் போகச் சொன்னார்கள். ஏன் என்று கேட்க நேரமும் இருக்கவில்லை, கேட்க அவர்கள் நீட்டிப் பிடித்த துவக்குகள் விடவும் இல்லை. கையில் ஒரு பை, அவ்வளவுதான். ஜவாஹிர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பரமலிங்கத்தின் வளவுக்கு வந்தான். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே வாத்தியாரிடம் அடிவாங்கினவர்கள். "ரெண்டு கிழமையில வந்திடுவன் மச்சான். உள்ளுக்கு வைச்சிரு, ஒருத்தருக்கும் குடுத்திடாத" என்றான். பரமலிங்கம் "ஓம் மச்சான்" என்றார். அந்த ஓமுக்குப் பின்னால் வேறு ஒரு சொல்லும் தனக்கு வரவில்லையே என்று அந்த மனுசன் இன்றைக்கும் வெட்கப்படுகிறார். சனத்தை ஏற்றின லொறி புத்தளப் பக்கம் போய்விட்டது. மூன்றாம் நாள் பின்னேரம் நாலு பத்துக்குச் சைக்கிள் தானாக இறங்கிப் போனது. பரமலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சந்தி மட்டும் துரத்தினார், பிடிபடவில்லை. கொடுத்த வாக்குப் போச்சே என்று படலையில் குந்தி இருந்தார். அஞ்சே முக்காலுக்கு அது திரும்பி வந்து, அவரைத் தாண்டி, கொட்டிலுக்குள் போனது. அதற்குப் பிறகு அவர் துரத்தவில்லை. எண்ணெய் விடுவார், காற்று அடிப்பார், கொட்டில் கதவைத் திறந்து வைப்பார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வருசங்களில் ஊரில் எவனையும் விட ஒழுங்காக இருந்தது அந்தச் சைக்கிள்தான். பெற்றோலும் மண்ணெண்ணெயும் வன்னிக்குள் வராத காலத்தில் எல்லாருக்கும் அதில் ஒரு கண். பலர் ஏறிப் பார்த்தார்கள். சீற்றில் ஒருவர் குந்தின உடனே அது கல்லாய் நின்றுவிடும், பெடல் அசையாது. இறங்கினால் போகும். சோதனைச் சாவடிகளில், எந்தப் பக்கத்தாரின் சாவடி என்றாலும், வரிசையில் நின்று, ஒரு ஆளின் அடையாள அட்டையைப் பார்க்க எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டுத்தான் நகரும். பரமலிங்கம் அதையும் தன் நிவாரண அட்டையில் பதியக் கேட்டார். வயிறு இல்லாததுக்கு அரிசி தரேலாது என்று அட்டை பதிகிற விதானையார் மறுத்துவிட்டார். கடல் ஊருக்குள் வந்த வருசம் கடற்கரை றோட்டு பாதி காணாமல் போனது. றோட்டு முடிந்த இடத்தில் நின்று, வழக்கமான நேரம் வந்ததும் திரும்பியது. கடைசி யுத்தத்தில் சனம் முழுக்கக் கிழக்கே நகர்ந்தபோது பரமலிங்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார், கொட்டில் கதவை மட்டும் திறந்து கல் முண்டு கொடுத்து வைத்துவிட்டுப் போனார். அந்தப் பயணத்தில் மூத்த மகனை முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டுத்தான் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முகாமின் கூடாரத்துக்குள் ஜெகதீஸ்வரி நாலு பத்துக்குத் தலையைத் தூக்கி, பிறகு குனிந்துகொள்ளுவா. அடுத்த வருசம் ஊருக்கு விட்டபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கொட்டிலுக்குச் சுவர் ஒன்றுதான் மிச்சம். சைக்கிள் அந்தச் சுவரில் சாய்ந்திருந்தது. பற்றைக்குள் மிதிவெடி எடுக்க வந்தவர்கள், அதன் ரயர் தடம் கிடந்த பாதையில் ஒன்றும் இல்லை என்று கண்டு, அதிலேயே நடந்து போய்த் தங்கள் வேலையைத் தொடங்கினார்கள்.

ஜவாஹிர் வரவில்லை. மற்ற முஸ்லிம் குடும்பங்களில் சிலது இரண்டாயிரத்துப் பத்தில் இருந்து ஒன்றிரண்டாக வந்து காடு வெட்டிக் குடிசை போட்டது. பரமலிங்கம் எப்படியோ நம்பர் தேடிப் பிடித்துப் புத்தளத்துக்குப் போன் எடுத்தார். உன்ர சைக்கிள் ஒவ்வொரு நாளும் ஓடுது மச்சான், வந்து பாரன் என்றார். "ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு ஜவாஹிர் போனை வைத்துவிட்டார். பயம் இல்லை, கோபம். போ என்று சொன்ன மண்ணுக்கு நானாகத் திரும்பிப் போகமாட்டேன் என்று இருபது வருசம் சொல்லிச் சொல்லி, அந்தக் கோபமே அவருக்கு ஒரு வீடு மாதிரி ஆகியிருந்தது. அங்கே ஓலைக் குடிசையில் இருந்த காலத்திலேயே உம்மாவை அடக்கம் செய்தார். சின்ன லொறி ஒன்று வாங்கி உப்பும் வெங்காயமும் ஏற்றினார். மகள் ஷமீலாவைக் கட்டிக்கொடுத்தார். மருமகன் றிஸ்வி நல்ல பிள்ளை, தண்ணீரூற்றுக் காணியை வித்துப்போடுவம் மாமா, ஆர் போய் இருக்கப் போறம் என்று வருசத்துக்கு ஒரு தரம் சொல்லுவார். பாப்பம் என்பார் ஜவாஹிர்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாட்டில் எண்ணெய் தீர்ந்தது. புத்தளத்தில் லொறியை வரிசையில் விட்டு மூன்று நாள் அதற்குள்ளேயே இருந்தார் ஜவாஹிர். மூன்றாம் நாள் பகல் முழுக்க, பழைய சைக்கிள்களைத் துடைத்து எடுத்துக்கொண்டு கிழவன்மார் அவருடைய கண்ணாடியைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். அவருக்குத் தொடை உளையத் தொடங்கியது. ஓடாத கால் உளைகிற உளைவு. ஹாண்டிலின் வளைவு உள்ளங்கைக்குள் வந்து இருந்தது. தண்ணீரூற்று மதகடிக் காற்றுக்கூட முகத்தில் பட்டது. முப்பத்திரண்டு வருசமாக அடக்கி வைத்த ஆசை ஒரே நாளில் எழும்பினால் ஒரு மனுசன் என்ன செய்வான்? லொறியின் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, வீட்டுக்கு நடந்து போய், "எனக்கொரு சைக்கிள் இருக்கு, ஸுஹறா" என்றார். ஸுஹறா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தா. நிமிர்ந்து பார்க்கவில்லை. அவாவுக்கு அந்த ஊர்ப் பெயரே ஆகாது. போய்ப் பாருங்க, ஒரு மாசம் தாறன், சரிவரல்லயெண்டா காணியை எழுதிக் குடுத்திட்டு வாங்க, அதுக்குப் பிறகு இந்தக் கதை இந்த வீட்டில வரப்படாது என்றா. ஜவாஹிர் ஒத்துக்கொண்டார். அவருக்கும் அதுதான் கணக்கு. சைக்கிள் தன்னை ஏற்றினால் மிச்சக் காலம் தண்ணீரூற்றில். ஏற்றாவிட்டால் கையெழுத்து.

ஆனி மாதத்தில் வந்து இறங்கினார். ஐம்பத்தெட்டு வயது, தாடி வெளுத்திருந்தது, வயிறு சேட்டுக்கு முன்னால் வந்தது. பரமலிங்கம் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் ஜெகதீஸ்வரி ஒரு பானை சோறு வடித்து முடித்துவிட்டா. அன்றைக்குப் பின்னேரம் ஊர் முழுக்க ஒழுங்கையில் நின்றது. எங்கள் எல்லாருக்கும் நிச்சயம், முதலாளி வந்துவிட்டார், சைக்கிள் இனி நிற்கும். நாலு பத்துக்கு அது இறங்கியது. ஜவாஹிர் நடு றோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றார், பிள்ளையைத் தூக்க நிற்கிற தகப்பன் மாதிரி. சைக்கிள் மணி அடித்தது. பிறகு அவரை ஒதுக்கி வெட்டிக்கொண்டு போய்விட்டது. ஒருவரும் ஒருவரின் முகத்தையும் பார்க்கவில்லை. ஜவாஹிர் விரித்த கையை எப்படி மடக்குகிறது என்று தெரியாமல் நின்றார். எவனோ ஒரு கிழவன் குறுக்க நிக்கிறான் எண்டு நினைச்சிட்டுது என்று பிறகு சிரித்துச் சொன்னார். சிரிப்பு நல்லாயிருக்கவில்லை.

அடுத்த நாள் காலமை கொட்டிலுக்குள் போய் ஏறிப் பார்த்தார். மற்றவர்களுக்கு நின்ற மாதிரியே அவருக்கும் கல்லாய் நின்றது. என்ர வாப்பா வாங்கித் தந்ததடா, என்னையா தெரியாது என்று கேட்டுப் பார்த்தார். சோப்புப் போட்டுக் கழுவினார், செயினைக் கழற்றிப் பூட்டினார், வயிற்றைக் குறைக்க இரவுச் சாப்பாட்டை விட்டார். பலன் இல்லை. சந்தியில் சைக்கிள் திருத்துகிற செந்தூரன் ஒரு பழைய லுமாலாச் சைக்கிளைக் கொடுத்து, "பிடிக்கேலாட்டி துரத்துங்கோவன் அண்ணை" என்றான். அப்படித்தான் ஜவாஹிர் திரும்பச் சைக்கிள் ஓடத் தொடங்கினார். முதல் நாள் சந்தி மட்டும்கூடப் போகேலாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேலியில் சாய்ந்தார். ஒரு கிழமையில் முதலாம் வளைவு வரை பின் ரயரைக் கண்ணில் வைத்திருந்தார். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது, போனது. ஸுஹறா கொடுத்த மாசம் முடிந்தது. இன்னொரு மாசம் கேட்டார், ஸுஹறா போனை வைத்துவிட்டா. ஆவணியில் ஒரு நாள், வெயில் கொளுத்துகிற நேரம், அவர் தன் பழைய சைக்கிளுக்குச் சரிசமனாக ஓடினார்.

பக்கத்தில் ஓடினபோதுதான் அவர் கண்டார். ரயர் இரண்டும் ஆள் பாரத்தில் அமுங்கியிருந்தது. சீற் பதிந்திருந்தது. வளைவு வருமுன் மூன்று தரம் மிதிக்காமல் விட்டு, இடது பெடலைக் கீழே நிறுத்திக்கொண்டு திரும்பியது, அது தன்னுடைய பழக்கம் என்று அவருக்குத் தெரியும். மதகடிக்கு வந்தபோது சைக்கிள் திடீரென்று வலப்பக்கம் வெட்டி, நல்ல தார் றோட்டில் ஒன்றுமில்லாத ஒரு இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. அந்த இடத்தில் முன்னொரு காலம் ஒரு பள்ளம் இருந்தது. புது றோட்டுப் போட்டபோது அதை மூடிவிட்டார்கள். அதில் விழுந்து முழங்கை உடைத்தது ஜவாஹிர்தான், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதை அப்படி வெட்டினதும் அவர்தான். சைக்கிளில் ஆள் இல்லாமல் இல்லை. இருபத்தாறு வயது ஜவாஹிர் அதில் இருந்தான். அவன் ஒரு இடமும் போகவில்லை. கடை பூட்டி, சைக்கிள் எடுத்து, கடல் பார்த்து, திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறான்.

ஜவாஹிர் மதகுக் கட்டில் இருந்து அழுதார். ஒளித்து அழவில்லை, றோட்டால் போகிறவர்கள் பார்க்கத்தான் அழுதார். பரமலிங்கம் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தபோது, "மச்சான், நான் இஞ்சதான் இருந்திருக்கிறன். அப்ப அங்க போனது ஆர்?" என்று கேட்டார். பரமலிங்கம் தோளில் கிடந்த துவாயை எடுத்து நீட்டினார். அன்றைக்கே ஜவாஹிர் புத்தளத்துக்குப் போன் எடுத்து, காணி உறுதியையும் விக்கிறதுக்கு றிஸ்வி எழுதுவித்த கடுதாசியையும் ஸுஹறாவைக் கொண்டு வரச் சொன்னார். இருக்கிற இடத்தில் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான், அவனை எழுப்பிவிட்டு இருக்க எனக்கு என்ன உரிமை என்று எங்களிடம் சொன்னார். கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த நாள் விடிய பஸ்ஸில் இரண்டு பேரும் போகிறதாக ஏற்பாடு.

ஸுஹறா வெள்ளிக்கிழமை பின்னேரம் சந்தியில் வந்து இறங்கினா. அபாயா, ஒரு தோள் பை, அதற்குள் கடுதாசி. முப்பத்திரண்டு வருசத்துக்குப் பிறகு அந்தச் சந்தியில் கால் வைத்த மனுசி ஒரு பக்கமும் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் உடைந்துவிடுவேன் என்று நினைத்தாவாம். ஜவாஹிர் லுமாலாவைப் பிடித்துக்கொண்டு அவாவுக்கு முன்னால் நின்றார். அப்போது நாலு பன்னிரண்டு. பச்சைச் சைக்கிள் ஒழுங்கையால் வந்து றோட்டில் ஏறி, ஸுஹறாவுக்கு முன்னால் வந்து நின்றது. சோதனைச் சாவடி ஒன்றும் இல்லாமல் கொட்டிலுக்கும் கடலுக்கும் நடுவில் அது தானாக நின்றதை நாங்கள் அன்றைக்குத்தான் கண்டோம். மணி ஒரு தரம் அடித்தது. ஸுஹறா பையைத் தோளில் இருந்து கழற்றிப் புருசனிடம் கொடுத்தா, அபாயாவை ஒதுக்கிப் பிடித்தா, ஒருக்களித்துப் பாரில் ஏறி இருந்தா. யோசித்துச் செய்த வேலை மாதிரித் தெரியவில்லை. ஊரில் எத்தனை பேர் ஏறிப் பார்த்தோம், எல்லாரும் சீற்றில்தானே குந்தினோம்! பாரில் ஏற வேணும் என்று ஒரு விசரனுக்கும் தோன்றவில்லை. சைக்கிள் அவாவைக் கொண்டு கடல் பக்கம் போனது.

ஜவாஹிர் பையோடு நின்றார். பெண்சாதியை ஒருவன் கண்ணுக்கு முன்னால் ஏற்றிக்கொண்டு போய்விட்டான், அந்த ஒருவனும் தான்தான். இந்தப் பொறாமையை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. செந்தூரன் கடை வாசலில் நின்று, "அண்ணை, பொலிசுக்குப் போயிடாதேங்கோ, உங்கட ஐடென்டிக் காட் நம்பரைத்தான் எழுதுவினம்" என்றான். எல்லாரும் சிரித்தோம். ஜவாஹிரும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, மண்ணைப் பார்த்துக்கொண்டு பரமலிங்கம் வீட்டுக்கு நடந்தார். அவருக்கு அந்த ஒன்றரை மணித்தியாலம், ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளில் இருந்து எண்ணினால், எல்லாவற்றிலும் நீளமாக இருந்தது.

அஞ்சே முக்காலுக்கு ஸுஹறா கொட்டில் வாசலில் இறங்கினா. முக்காடு காற்றில் கலைந்திருந்தது. முகம் எப்படி இருந்தது என்று ஜெகதீஸ்வரி பிறகு எங்களுக்குச் சொன்னா, காய்ச்சல் விட்ட ஆளின் முகம் மாதிரி இருந்ததாம். ஜவாஹிர் எழும்பவில்லை.

"என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

"காதுக்குப் பின்னாலதான் கதை கேட்டிச்சு. கடையில புதுச் சீத்தைத் துணி வந்திருக்காம். உம்மாவுக்கு ஒண்டு எடுத்து வைச்சிருக்காராம்."

உம்மா மௌத்தாகி இருபத்தொன்பது வருசம். ஜவாஹிர் கண்ணை மூடிக்கொண்டார். "நீ சொன்னியா?"

"எப்பிடிச் சொல்ற? நாங்க போனதே அவருக்குத் தெரியா. பாரில இருந்தா என்ர முகமும் தெரியாதே, றோட்டைப் பாத்துத்தானே ஓடுறவர். ஸுஹறா எண்டு கூப்பிட்டார். நீங்க அப்பிடிக் கூப்பிட்டு எத்தின காலம்" என்றா. கலைந்த முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, "நாளைக்கும் வாறன் எண்டிட்டன்" என்றா.

விடிய பஸ் அவர்கள் இல்லாமல் போனது. அடுத்த நாள் பஸ்ஸும் போனது. கடுதாசி பைக்குள்ளேயே கிடந்தது. ஸுஹறா ஒவ்வொரு நாளும் நாலு பத்துக்குப் பாரில் ஏறிப் போனா, ஜவாஹிர் லுமாலாவில் பின்னால் போனார், கடற்கரையில் அவர்களுக்கு இருபது அடி தள்ளி நின்றார். பரமலிங்கம்தான் கடைசியில் வாயைத் திறந்தார். அவர் நேர்மையான மனுசன், வாங்கின சாமானைச் சொந்தக்காரனிடம் ஒப்படைக்க வேணும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. ஸுஹறா தங்கச்சி அவனுக்கு உள்ளதைச் சொல்லட்டும், எல்லாரும் போயிட்டினம், கடை இல்லை, உம்மா இல்லை எண்டு சொன்னால் அவன் இறங்கிடுவான், சைக்கிள் உனக்கு வந்திடும் மச்சான் என்றார். அது நடக்கும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. ஜவாஹிருக்கும் தெரிந்தது. இரண்டு நாள் கொட்டிலுக்குப் போய் அந்த உருக்குச் சட்டத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். ஆசை அவரை அவ்வளவுக்குத் தின்றது. மூன்றாம் நாள் பரமலிங்கத்திடம் வந்து, "வேணாம் மச்சான். எங்களில ஒராளாவது போகாமல் இருக்கட்டும்" என்றார். பரமலிங்கம் இந்த முறையும் "ஓம் மச்சான்" என்றுதான் சொன்னார். ஆனால் இந்த முறை அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு காணியைத் துப்புரவாக்கித் தகரம் போட்டார்கள். ஒரு அறை, ஒரு குசினி, முன்னுக்கு ஒரு பந்தல். கடலில் இருந்து திரும்புகிற வழியில் வீட்டுக்கு வாங்க, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம் என்று ஸுஹறா அவனைக் கூப்பிட்டா. சைக்கிள் வேலியில் சாய்ந்தது. பந்தலுக்குள் இருந்த பிளாஸ்ரிக் கதிரை ஒரு ஆளின் பாரத்தில் கிறீச்சிட்டது. ஸுஹறா வைத்த தேத்தண்ணி கிளாசில் மட்டம் ஒரு மிடறு இறங்கியது. ஜவாஹிர் இதுதான் சமயம் என்று வேலியடிக்குப் போய் ஹாண்டிலைப் பிடித்து இழுத்தார். கல்.

"கேட்டீங்களா?" என்றா ஸுஹறா, குசினி வாசலில் நின்று.

"என்ர சைக்கிளை நான் ஏன் கேக்க?"

"இந்த ஊரில ஆர் கேக்காமச் சைக்கிள் எடுக்கிற?"

அதுவும் சரிதான். இங்கே அண்ணனின் சைக்கிளைத் தம்பி எடுக்கிறது என்றாலும் ஒரு வார்த்தை கேட்டுத்தான் எடுப்பான். இத்தனை பேர் இத்தனை வருசமாக ஏறினோம், இழுத்தோம், தள்ளினோம், ஒருவரும் கேட்கவில்லை. கேட்க ஆள் இல்லை என்று நினைத்தோம். ஜவாஹிர் தான்தான் ஆள் என்று நினைத்தார். அவர் பந்தலுக்குள் வந்து, வெறும் கதிரைக்கு முன்னால் நின்று, சேட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "தம்பி, சைக்கிளை ஒருக்காத் தாறீரா? ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வந்திடுவன்" என்றார். கிளாசில் இன்னொரு மிடறு இறங்கியது. வேலியில் சைக்கிள் மெல்லத் தளர்ந்து ஒரு பக்கம் சரிந்தது, பிடித்துக்கொள் என்கிற மாதிரி.

ஜவாஹிர் ஏறினார். சீற் சூடாக இருந்தது. முதுகு வளைய மறுத்தது, வயிறு இடையில் நின்றது, முழங்கால் இரண்டும் சத்தம் போட்டது. மூன்றாம் மிதிக்குச் சங்கிலி தன் பழைய சத்தத்தை எடுத்தது, அந்த உருக்கின் அதிர்வு உள்ளங்கையால் ஏறித் தோளுக்கு வந்தது. ஒழுங்கையின் ஒரு அந்தத்தில் இருந்து மற்ற அந்தத்துக்கு, திரும்ப, பிறகு பள்ளிவாசலடி மட்டும். வேலிகளுக்கு மேலால் தலைகள் எழும்பின. அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காற்றைக் குடித்தார். கண்ணால் தண்ணீர் காது வரை ஓடியது, அதைத் துடைக்க ஒரு கையை எடுக்க மனம் வரவில்லை. கிளாஸ் வெறுமையானபோது பந்தலில் கதிரை கிறீச்சிட்டது, ஸுஹறா படலையில் நின்று கையைக் காட்டினா. ஜவாஹிர் சொன்ன சொல்லுக்கு வந்து இறங்கி, சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, "பெரிய உபகாரம் தம்பி" என்றார்.

இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. நாலு பத்துக்கு இறங்கும், கடலுக்குப் போகும், திரும்பும்போது ஜவாஹிர் வீட்டுப் படலையில் நிற்கும், கொட்டிலுக்கு வர ஆறு மணி கடந்துவிடும். ஜெகதீஸ்வரி ஆடு கட்டுகிற நேரத்தை அதற்கேற்ற மாதிரிப் பிற்போட்டுவிட்டா. ஷமீலா பள்ளிக்கூட லீவுக்குப் பிள்ளைகளோடு வந்து போகிறாள், றிஸ்வி காணிக் கதையை விட்டுவிட்டு, குழாய்க் கிணறு அடிப்பமா மாமா என்று கேட்கிறார். ஜவாஹிர் ஒவ்வொரு நாளும் கேட்டுத்தான் எடுக்கிறார், கிளாஸ் வெறுமையாகிற வரைக்கும்தான் ஓடுகிறார். எங்கள் ஊரில் தேத்தண்ணியை இரண்டு பேணியில் இழுத்து ஆற்றித்தான் விருந்தாளிக்குக் கொடுப்பார்கள். ஸுஹறா ஆற்றுவதில்லை. அடுப்பில் கொதிக்கிறதை அப்படியே கிளாசில் வார்த்து, கை வைக்கேலாத சூட்டில் கதிரைக்குப் பக்கத்தில் வைக்கிறா.